பதில் சொன்னது யார்?

சென்ற கோடை விடுமுறையில் நம் தங்கையின் மகன் வீரகேரளம்புதூருக்கு வந்திருந்தான். அவன் அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பயில்கின்றவன். ஒரு மாலை சிற்றாற்றங்கரையில் அமர்ந்திருக்கையில் அவன் கூறிய செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. அந்நாட்டில் பொதுமக்கள் பயன்படுத்தும் ஏறத்தாழ 5,000 விமான நிலையங்களுள், சுமார் 500 நிலையங்களில் மட்டுமே கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டாம்.

"அப்படியானால் இறங்குவதற்கு உத்தரவு தருபவர் யார், தம்பி?" என்றோம்.

"எவருமில்லை, மாமா. அனைவரும் ஒரே அலைவரிசையில் தாம் இருக்கும் இடத்தையும் செய்யப்போவதையும் அறிவிக்க வேண்டும். பிறர் சொல்வதைக் கேட்க வேண்டும். கண்ணாலும் பார்க்க வேண்டும். வானொலி இல்லாத விமானமும் வரலாமல்லவா? பயணிகள் விமானத்துக்கும் இதுவே ஒழுங்கு."

பின்பு அவன், பயிற்சியில் கற்ற ஒரு விபத்தை விவரித்தான். 1996 நவம்பர் 19 அன்று, இல்லினாய் மாநிலத்துக் குவின்சி நகரில், 10 பயணிகளுடன் ஒரு சிறு விமானம் இறங்க வந்தது. குறுக்கே செல்லும் மற்றோர் ஓடுபாதையில் வேறொரு விமானம் புறப்பட நின்றது. "புறப்படுகிறீர்களா, நிற்கிறீர்களா?" என்று இறங்குவோர் வினவினர். அவ்விமானம் வாய் திறக்கவில்லை. அதன் பின்னால் காத்திருந்த மூன்றாவது விமானத்தின் விமானி, தாம் நிற்பதாகப் பதிலளித்தார். அதையே முன்னால் நின்றவரின் பதிலென்று இறங்குவோர் கொண்டனர். பாதைகள் சந்திக்கும் இடத்தில் இரு விமானங்களும் மோதித் தீப்பற்றின. 14 பேரும் மாண்டனர். புறப்பட்ட விமானிகள் அலைவரிசையைக் கவனியாததும், சரிவரப் பாராததுமே முதற்காரணம் என்று விசாரணை முடிவுசெய்தது; இடையில் வந்த அந்தப் பதிலும் ஒரு துணைக் காரணமாயிற்று.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, அன்னையைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல முடிவாகி, பயணச் சீட்டும் வாங்கியிருந்தோம். தொலைபேசியில் நாம் கேட்டபோது, "அம்மாவுக்குச் சம்மதந்தான்" என்றவர் தமையனார். அன்னையின் குரலை நாம் கேட்கவே இல்லை.

விடிந்ததும் அடுப்பங்கரைக்குச் சென்று, "அம்மா, நீ என்ன சொல்லுகிறாய்?" என்றோம்.

அவர் சற்று நேரம் நம்மையே பார்த்தார். "இப்போதுதான் என்னைக் கேட்கிறாய். கண் தெரிகிறவரை இந்த வீட்டிலேயே இருந்துவிடுகிறேனே" என்றார்.

சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். தமையனாருக்குச் சற்று மனத்தாங்கல்தான். ஆயினும், அன்புள்ள வாசகர்களே, மௌனமாயிருப்பவருக்காகப் பிறர் சொல்லும் பதிலை நம்பி, எத்தனை குடும்பங்கள் ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருக்கின்றனவோ!