சக்கரமும் தராசும்

இலேசான சக்கரமே நல்ல சக்கரம் என்பதை இன்று மறுப்பவர் இல்லை. மோட்டார் வண்டியில் விருப்பமுள்ள வாலிபர் எவரைக் கேட்டாலும் இதையே சொல்லுவர். ஆனால், தாம் வாங்கிய சக்கரத்தின் எடை எவ்வளவு என்று கேட்டால் பதில் வருவதில்லை. பெயரைச் சொல்லுவர், நிறத்தைச் சொல்லுவர், கொடுத்த விலையைச் சொல்லுவர், எடையை மட்டும் சொல்லமாட்டார். இலேசு என்பதற்காகவே வாங்கிய ஒரு பொருளை நிறுத்துப் பாராமல் வாங்கினோமே என்பது அவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை. இவ்விஷயத்தில் பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கும் இருந்ததில்லை. ஆகவே, நாம் பட்டுத் தெரிந்துகொண்டதை மறைக்காமல் எழுதுகிறோம்.

காஹாங் என்பது ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங்குக்குப் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் உள்ள சிற்றூர். எண்டாவ் ரொம்பின் வனப்பூங்காவுக்குப் போகிறவர்கள் இங்கேதான் பெருஞ்சாலையை விட்டுக் காட்டுப்பாதையில் இறங்குகிறார்கள். சுற்றுப்புறமெங்கும் செம்பனை. குலையேற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சாலையில் தேங்கிய நீருக்கடியில் சமதரை இருக்கிறதா, குழி இருக்கிறதா என்பது சக்கரம் அதில் இறங்கிய பின்னரே தெரியும்.

இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நம் தமக்கை இருக்கிறார். அவருடைய மகன் தொழிற்சாலையில் வேலை செய்து, மிச்சம் பிடித்து, பழைய புரோட்டான் சத்ரியா ஜி.டி.ஐ. வண்டி ஒன்று வாங்கினான். 1990களின் இறுதியில் வெளிவந்த வண்டி அது. 1.8 லிட்டர் இயந்திரமும், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தார் செப்பனிட்ட ஓட்டநயமும் உடையது. இந்நாட்டில் உண்டான வேகவண்டிகளுள் இன்றும் பேர்பெற்றது. வண்டி வந்த ஒரு மாதத்துக்குள் பையனுக்குப் புதுச் சக்கரத்தின் மேல் ஆசை வந்தது. நம் மக்கள் 'ஸ்போர்ட் ரிம்' என்று சொல்லுவார்களே, அதுதான்.

கடைக்கு நம்மையும் அழைத்துச் சென்றான். அங்கே சுவர் நிறையச் சக்கரங்கள். பையன் கண் ஆறு ஆரமுள்ள ஒரு வெண்கல நிறச் சக்கரத்தின் மேல் விழுந்தது. ஜப்பானில் ரேஸ் என்னும் நிறுவனம் 1996இல் வெளியிட்ட டி.இ.37 என்னும் சக்கரத்தின் சாயல் அது. அந்த அசல் சக்கரம் 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உடைய அளவில் 3.7 கிலோ மட்டுமே எடையுள்ளதாகச் செய்யப்பட்டது. பெயரிலுள்ள 37 அந்த எடையையே குறிக்கும். நாம் பார்த்ததோ அதன் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட போலி. கடைக்காரர் அதை மறைக்கவுமில்லை. "அசல் இல்லை, ஆனால் அசலைப்போலவே இலேசு" என்றார். இலேசா என்று ஒரு கையால் தூக்கிப் பார்த்தோம். இலேசாகத்தான் தோன்றியது. வாங்கவேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டால் எந்தப் பொருள்தான் கைக்குக் கனக்கும்? 1,200 வெள்ளி விலையில் 400 வெள்ளி நாமே கடனாகக் கொடுத்தோம்.

சக்கரம் மாட்டிய மறுநாள் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அதை நாம் பரிகசிக்கவில்லை. தாயின் அச்சம் அவ்விதம் ஆறுதல் தேடுகிறது. ஆனால், சக்கரத்தை ஒட்டிக் குனிந்து பழத்தை வைத்தவர்களில் ஒருவராவது அதன் உட்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாரா? அருகில் நின்ற நாமும் பார்க்கவில்லை. சீர்திருத்தம் பேசுகிற நாம், பழத்தை நம்பவில்லை என்ற பெருமையோடு, கடைக்காரர் வார்த்தையை நம்பிக்கொண்டு நின்றோம். இரண்டு நம்பிக்கைக்கும் என்ன வேற்றுமை?

நாலாம் வாரம், மழை பெய்த ஓர் இரவில், குளுவாங்கிலிருந்து தாயும் மகனும் திரும்பிக்கொண்டிருந்தனர். காஹாங்குக்குச் சற்று முன்னே முன்பக்கத்து இடச்சக்கரம் ஒரு குழியில் இறங்கிற்று. விளிம்பு பிளந்தது, காற்று ஒரு நொடியில் போயிற்று, வண்டி சாலையை விட்டு விலகிச் செம்பனை ஓரத்துக் கால்வாயில் சாய்ந்து நின்றது. எதிரே லாரி வரவில்லை. பையனுக்குச் சிராய்ப்பு, தமக்கைக்குக் காறை எலும்பு முறிவு. அவர் ஆறு வாரம் கையைத் தூக்கமுடியாமல் இருந்தார். அவ்வளவு நாளிலும் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பிளந்த சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றிய பட்டறைக்காரர், உடைந்த இடத்தை விளக்கொளியில் காட்டினார். உலோகத்துக்குள் ஊசித்துளைபோன்ற ஓட்டைகள் நிறைந்திருந்தன. காய்ச்சிய அலுமினியத்தை அச்சில் ஊற்றியபோது உள்ளே அகப்பட்ட காற்று அது என்றார். அதன் பிறகே நமக்குத் தராசின் நினைவு வந்தது. தோட்டத்தில் உதிரிப்பழம் நிறுக்கும் தராசில் அந்தச் சக்கரத்தை மாட்டினோம்: 8.6 கிலோ. வீட்டுக் கொல்லையில் கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த, வண்டியோடு வந்த பழைய சக்கரத்தை மாட்டினோம்: 7.2 கிலோ! இலேசு என்று 1,200 வெள்ளி கொடுத்துச் சக்கரம் ஒன்றுக்கு 1.4 கிலோ பாரத்தை வாங்கி வந்திருக்கிறோம்.

தோட்டத்துத் தமிழருக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர்க் காலத்தில், வெட்டிய பாலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுக்கும்போது கிராணியின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நம் பெற்றோர். நிறுத்தால் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை விடுவார்கள். எடை ஒரு கணக்கு; சத்து வேறொரு கணக்கு; இரண்டும் சேர்ந்தே கூலி. அப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த நாம், சக்கரம் வாங்கும்போது இரண்டு கணக்கையும் மறந்துவிட்டோம்.

சக்கரத்தின் சத்து அதைச் செய்யும் முறையில் இருக்கிறது. முறைகள் மூன்று. உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் வார்ப்பது முதலாவது. இது மலிவு, நன்றாக வார்த்தால் குற்றமில்லை, ஆனால் வேண்டிய வலிமைக்கு உலோகத்தைத் தடிப்பாக விடவேண்டும். வார்த்த சக்கரத்தைச் சூடாக்கிச் சுழலவிட்டு, அதன் வளையத்தை உருளைகளால் அழுத்தி இழுத்து மெல்லியதாக்குவது இரண்டாவது. அழுத்தத்தால் உலோகம் இறுகுவதால், மெலிந்தும் வலிமை குறைவதில்லை. திண்ணிய அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது மூன்றாவது. இதுவே மிக வலியது, மிக இலேசானது, மிக விலையுள்ளது. டி.இ.37 இவ்வகையைச் சேர்ந்தது. மலிவான வார்ப்பை எடை குறைப்பதற்காக மெல்லியதாக்கினால், அது தண்ணீர் கலந்த பாலேயாகும்.

இனி, இலேசுச் சக்கரத்தால் உண்டாகும் நன்மைதான் என்ன? இதிலும் புரட்டு உண்டு. சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்துக் கிலோ குறைத்ததற்குச் சமம் என்று சிலர் சொல்லுகிறார்கள். கணக்குப் போட்டால் அவ்வாறில்லை. வண்டியின் உடம்பிலுள்ள பாரம் முன்னே மட்டும் போகிறது; சக்கரத்திலுள்ள பாரம் முன்னே போவதோடு சுழலவும் வேண்டியிருக்கிறது. ஆகையால் அதற்கு அதிக சக்தி செலவாவது உண்மையே. ஆனால் அப்பாரம் முழுவதும் ஓரத்திலேயே இருந்தாலும், வேகம் பிடிக்கும் கணக்கில் ஒரு கிலோ இரண்டு கிலோவாக எண்ணப்படுமேயன்றி அதற்கு மேல் போகாது. நான்கு சக்கரத்திலும் சேர்த்து 8 கிலோ குறைத்தவனுக்கு, அதிகமாகப் போனால் 16 கிலோ குறைத்த பலன். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டியில் அஃது எவ்வளவு? பின்னிருக்கையில் கிடக்கும் இரண்டு அரிசிப் பைகளை இறக்கிவைத்ததற்கு ஒப்பாகும்.

மெய்யான நன்மை வேகத்தில் இல்லை. தரையைப் பற்றுவதில் இருக்கிறது. வண்டியின் உடம்பைச் சுருள்வில் தாங்குகிறது. சக்கரத்தைத் தாங்க டயரைத் தவிர வேறொன்றும் இல்லை. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது, அது இலேசாயிருந்தால் வில் அதை உடனே தரைக்குத் திருப்பும். பாரமாயிருந்தால் எம்பிக்கொண்டு ஒரு கணம் தரையை விட்டிருக்கும். அந்த ஒரு கணத்தில் தடை பிடிக்காது, திருப்பினால் திரும்பாது. ஆதலால் இலேசுச் சக்கரத்தின் பயன் பந்தயத் திடலைவிடக் காஹாங் சாலைக்கே அதிகம் வேண்டும். எத்துபோர் புகாட்டி 1924ஆம் ஆண்டு லியோன் நகரப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த 35ஆம் வகை வண்டியில் அலுமினிய வார்ப்புச் சக்கரங்களைப் பூட்டியது முதல், நல்ல கம்மியர்கள் இதைத் தேடியே உழைத்து வருகிறார்கள். அலங்காரம் பின்னர் வந்தது.

பொருத்தமும் பார்க்கவேண்டும். ஆணித்துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் வண்டிக்கு வண்டி வேறு. பெரோடுவா மைவிக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். ஹோண்டா சிவிக் டைப் ஆர் எப்.டி.2 வண்டிக்கு ஐந்து துளை, 114.3 மில்லிமீட்டர். நடுத்துளை அச்சுக்குப் பெரிதாயிருந்தால் இடையே வளையம் போடவேண்டும். இல்லையேல் சக்கரம் மையம் தவறி நடுங்கும். மரையின் அடி உருண்டையா கூம்பா என்று பார்க்கவேண்டும். ஹோண்டாவின் மரை உருண்டை அடியுடையது. வெளிச் சக்கரங்களுக்குப் பெரும்பாலும் கூம்பு மரையே வேண்டும். மாற்றிப் போட்டால் இறுகியதுபோல் தோன்றிப் பின்னர்த் தளரும். சக்கரத்தின் உட்புறத்தில் அளவும், தாங்கும் பாரமும், ஜே.டபிள்யூ.எல். என்னும் ஜப்பானிய முத்திரையும் இருக்கவேண்டும். ஜே.டபிள்யூ.எல். என்பது செய்தவர் தாமே கொடுக்கும் உறுதிமொழி, அதனோடு வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் வேறொரு சபை சோதித்ததென்று பொருள். முத்திரையையும் போலி செய்வார் உண்டாகையால், விற்றவர் இன்னார் என்பதற்குச் சீட்டு வாங்கவேண்டும்.

தமக்கையின் கை குணமான பிறகு பையன் மறுபடியும் சக்கரம் வாங்கப் புறப்பட்டான். இம்முறை நாம் தடுக்கவில்லை. பிரயாணப்பெட்டி நிறுக்கும் சிறு தராசு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனோம். முதற்கடையில் சிரித்தார்கள். இரண்டாங்கடையில் முகம் சுளித்தார்கள். மூன்றாங்கடையில் ஒரு முதியவர், "நிறுத்துப் பாருங்கள், நாற்பது வருஷத்தில் இப்படிக் கேட்டவர் சிலரே" என்று தாமே எடுத்துக் கொடுத்தார். உருளையால் அழுத்திச் செய்த வகை; வண்டியோடு வந்த சக்கரத்தின் அளவே; எடை 5.8 கிலோ. பெரிய விட்டம் வேண்டும் என்று பையன் கேட்கவில்லை. விட்டம் பெருகினால் பாரம் ஓரத்துக்குப் போகும், டயரின் பக்கச்சுவர் குறுகும், குழியின் அடி உலோகத்தின் மேலேயே விழும் என்பதை அவன் பட்டே அறிந்திருந்தான். மிஞ்சிய பணத்தில் புது டயர் வாங்கினான். டயரின் ஓரத்திலுள்ள நான்கு இலக்கங்களை அவனே படித்தான்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். மரைகளை எதிரெதிராக, முறுக்களவைக் கருவியால் இறுக்கச் சொல்லி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதித்தான்.

சில நாள் கழித்து, "வேகம் ஒன்றும் கூடியதாகத் தெரியவில்லையே, மாமா" என்றான்.

"குழியில் எப்படி, தம்பி?" என்றோம்.

சற்று யோசித்து, "அம்மா தூங்கிக்கொண்டே வருகிறார்" என்றான்.

பணம் உழைத்துச் சேர்த்தது. உயிர் அதனினும் பெரிது. இவ்விரண்டையும் ஒரு பெயரின் பகட்டுக்கும், ஒரு வியாபாரியின் வார்த்தைக்கும், நசுங்கிய பழத்துக்கும் ஒப்படைத்துவிட்டுப் போவது நமக்கு அழகன்று. நம் பெற்றோர் தம் பாலை நிறுத்தவரைச் சந்தேகித்தார்கள். அச்சந்தேகமே அவர்கள் நமக்கு வைத்துச்சென்ற ஆஸ்தி. வாலிபர்கள் சக்கரம் வாங்கட்டும், ஆசைப்பட்டே வாங்கட்டும். கடைக்குப் போகும்போது ஒரு தராசையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.