அமானத்தும் ஒரு சான்றிதழும்



என் இளைய மகனுக்கு இப்போது ஏழு வயது. மூன்று வயதிலேயே, மதரஸா வாசலில் பிள்ளைகள் கழற்றிப்போடும் செருப்புகளை ஒன்றுகூடப் பிசகாமல் வரிசைப்படுத்துவான். பார்த்தவர்கள், "மாஷா அல்லாஹ், ஒழுங்கான பிள்ளை" என்றனர். நானும் மகிழ்ந்தேன். ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். நாம் கேட்கும் கேள்வியையே விடையாகத் திருப்பிச் சொல்வான். ஒலிபெருக்கியில் பாங்கு தொடங்கியதும் காதுகளைப் பொத்திக்கொண்டு அழுவான். உஸ்தாதின் மகன் பாங்கு கேட்டு அழுகிறான் என்று ஊர் பேசுமே என்பதுதான் அன்று என் கவலையாக இருந்தது.

மருத்துவரிடம் காட்டுவோம் என்று முதலில் சொன்னவர் என் மனைவி. நானோ ஓதி ஊதினேன். பொறுமையாக இருப்போம் என்றேன். உண்மையில் அது பொறுமையன்று, அச்சம். 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் காகிதத்தில் ஏறிவிட்டால் அவனை எப்படிப் பார்ப்பார்கள், மூத்த மகளுக்கு வரன் பார்க்கும்போது என்ன கேட்பார்கள் என்றெல்லாம் எண்ணி இரண்டு ஆண்டுகளைக் கடத்தினேன்.

ஒன்றாம் வகுப்பில், "உட்கார மறுக்கிறான், வேறு பள்ளி பாருங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அன்றிரவு என் மனைவி கேட்டார்: "உங்க இளைப்புக்கு ஓதவும் செய்றீங்க, இன்ஹேலரும் வச்சிருக்கீங்க. புள்ளைக்கு மட்டும் ஓதுனா போதுமா?" தவக்குலைப் பற்றி இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்களைப் பார்க்கிறானா, பிற பிள்ளைகளோடு சேர்கிறானா, வலியை உணர்த்துகிறானா என்று உளவியலாளர் கேட்கக் கேட்க என் மனைவி தயங்காமல் விடை சொன்னார். பல கேள்விகளுக்கு நான் விழித்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உஸ்தாதாக இருந்த நான், என் வீட்டுப் பிள்ளையைக் கூர்ந்து பார்த்திருக்கவில்லை.

சில வாரங்கள் அலைந்த பின் ஆட்டிசம் என உறுதிசெய்து சான்றிதழ் தந்தார்கள். இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு, வளர்ப்பின் குறையன்று என்று மருத்துவர் விளக்கியபோது என் மனைவி அழுதார். ஊர் அவர்மீது சுமத்தியிருந்த பழி அன்று இறங்கியது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். தேவைக்கேற்ற வசதியும் செய்துதர வேண்டும். பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ வேண்டுமானாலும் இச்சான்றிதழே ஆதாரம். அதன் நகலோடு அதே பள்ளிக்குச் சென்றேன். இம்முறை இரந்து நிற்கவில்லை. பிள்ளையின் ஹக்கைக் கேட்டேன். இன்று அவனுக்கு முன்வரிசையில் இடமுண்டு. அன்றைய பாடவேளைகளைப் படங்களாக ஒட்டிவைக்கிறார்கள். இரைச்சல் மிகுந்தால் சற்று வெளியே அமர விடுகிறார்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வரும் நாள்கள் இன்னும் உண்டு; ஆனால் "வேறு பள்ளி பாருங்கள்" என்ற சொல் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் மக்தபிலும் இப்படி ஒரு சிறுவன் இருந்தான். அடங்காதவன் என்று எண்ணிப் பிரம்பால் அடித்தேன். ஓதுவதை விட்டே போய்விட்டான். பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு இறங்கிய 'அபஸ' சூராவை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். அத்தோழரையே நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாகவும் ஆக்கினார்கள் என்பதையும் சொல்லிக்கொடுத்தவன். அந்தச் சிறுவனிடத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. சென்ற ரமளானில் அவன் வீட்டுக்குச் சென்று, அவனிடமும் அவன் உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். உங்கள் மனத்தில் ஐயம் இருந்தால் துஆவை நிறுத்தாதீர்கள். மருத்துவமனைக்குச் செல்வதையும் தள்ளிப்போடாதீர்கள். நான் இழந்த இரண்டு ஆண்டுகளை நீங்கள் இழக்க வேண்டாம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு இலகுவாக்குவானாக. ஆமீன்.