நாலே நாலு தலைப்பு

பௌர்ணமி கிரிவலம் போயிருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர். போயிருந்தால், உங்கள் உடம்பின் நாலு வகைத் திசுக்களும் ஒரே ராத்திரியில் உங்களோடு பேசியிருக்கும். நீங்கள்தான் 'கால் வலி' என்று ஒரே வார்த்தையில் கணக்கை மூடியிருப்பீர்கள்.

நான் படித்தது பி.காம். டிஷ்யூ என்றால் கல்யாண விருந்தில் கை துடைக்கிற பேப்பர் என்கிற அளவில்தான் பரிச்சயம். ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபடும். எத்தனை ஆயிரம் வரவு செலவு இருந்தாலும், எல்லாமே ஒரு சில தலைப்புகளுக்குள் அடங்கியாக வேண்டும். உடம்பும் அப்படித்தான். மூளை, ஈரல், குடல், எலும்பு என்று பட்டியல் எவ்வளவு நீண்டாலும், லெட்ஜரில் தலைப்பு நாலே நாலு. எபிதீலியம், தசை, நரம்பு, இணைப்புத் திசு.

டிஷ்யூ என்ற சொல், 'நெய்தது' என்று அர்த்தம் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர்கள் பாடப் புத்தகத்தில் அழகாக 'இழையம்' என்று எழுதுகிறார்கள். பட்டுக்குப் பேர்போன ஆரணி இருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1801-ல் பிஷா என்ற பிரெஞ்சு டாக்டர், மைக்ராஸ்கோப்பைத் தொடாமலே உடம்பில் 21 வகை நெசவு இருப்பதாகப் பட்டியல் போட்டார். அடுத்த வருஷமே, 30 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த 21-ஐ நாலாகச் சுருக்கினார்கள்.

சரி, செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், நடப்போம்.

முதலில் பேசுவது எபிதீலியம். உடம்பின் உறை, உள்ளறை இரண்டுக்கும் லைனிங் துணி இதுதான். தோலின் மேல்பரப்பு, வாயின் உட்புறம், குடலின் உட்புறம் எல்லாம் இதன் வேலை. உள்ளங்காலில் கொப்புளம் வந்தால், உள்ளே ரத்தம் இல்லாமல் தண்ணியாக இருக்கிறதே, ஏன்? எபிதீலியத்துக்குள் ரத்தக் குழாயே கிடையாது. தேயத் தேயப் புதுசாக வளர்ந்துகொண்டே இருப்பது இதன் குணம். குடலின் உள்பூச்சு ஒரு வாரத்துக்குள் முழுசாக மாறிவிடும்.

பாதி தூரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அது தசை. நாம் சொன்னபடி கேட்கிற தசை அது. சொல்லாமலே வேலை செய்யும் தசைகளும் உண்டு. வழியில் சாப்பிட்ட இட்லியைக் குடலில் தள்ளிக்கொண்டு போவது ஒன்று. ஓய்வே கேட்காத இதயத் தசை இன்னொன்று.

கூழாங்கல் குத்தி 'ஸ்ஸ்' என்கிறீர்கள் அல்லவா, அது நரம்பு. கீழ் முதுகிலிருந்து பாதம் வரை ஒரே செல்லின் இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. நாள்பட்ட சர்க்கரை வியாதி முதலில் கை வைப்பது இந்த நீள நரம்புகளில்தான். அப்புறம் கல் குத்தினாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் நடந்து முடித்ததும் உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

நாலாவது, இணைப்புத் திசு. பெரிய கூட்டுக்குடும்பம். எலும்பு, முட்டியின் குருத்தெலும்பு, தசைநாண், கொழுப்பு எல்லாம் இதில் அடக்கம். ரத்தமும் இந்த வீட்டுப் பிள்ளைதான். நம்ப முடியவில்லை, இல்லையா?

இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதற்கான இடமும் வழியிலேயே இருக்கிறது. செங்கம் சாலையில், ரமணாசிரமம்.

1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே இருந்த சின்னக் கட்டி ஒன்றை அகற்றினார்கள். சீக்கிரமே திரும்ப வந்தது. மார்ச்சில் மறுபடி ஆபரேஷன். சோதித்ததில் தெரிந்த பெயர், சார்கோமா. இணைப்புத் திசுக் குடும்பத்தில் பிறக்கிற புற்றுநோய். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் இன்னும் இரண்டு ஆபரேஷன். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-ல்தான்.

நாம் கேள்விப்படுகிற புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத்தில் வருபவை. வாய், மார்பகம், குடல், கர்ப்பப்பை வாய். ஓயாமல் புதுப்பிக்கிற இடத்தில் காப்பி எடுக்கும்போது பிழை விழ வாய்ப்பு அதிகம். போதாததற்குப் புகையிலையும் முதலில் படுவது அங்கேதான். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா சுமார் நூற்றுக்கு ஒன்றுதான். அபூர்வம் என்பதாலேயே ஏமாற்றும். பல சமயம் வலிக்கவே வலிக்காது.

என் சித்தப்பாவுக்குத் தோளில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. "வலிக்கவே இல்லப்பா, விடேன்" என்று மூன்று வருஷம் ஓட்டினார். "வலிக்காததுதான் சித்தப்பா பயம். வாங்க, போய்க் காட்டிட்டு வந்துடலாம்" என்று ஒரு வழியாகக் கூட்டிப் போனேன். வெறும் கொழுப்புக் கட்டி. கொழுப்பும் அதே இணைப்புத் திசுக் குடும்பம்தான், ஆனால் சாது. பெரும்பாலான கட்டிகள் இந்தச் சாது ரகம்தான். ரிப்போர்ட் வரும்வரை சித்தி சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வெளியே தொட்டுப் பார்த்தால் சாதுவும் சார்கோமாவும் ஒரே மாதிரிதான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். அடுத்து ஊசியால் துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எந்தத் திசுவில் பிறந்தது என்று தெரிந்தால்தான் வைத்தியத்துக்கே வழி பிறக்கும். இன்று பெரும்பாலான சார்கோமா நோயாளிகளுக்குக் கையைக் காலை எடுக்காமலே ஆபரேஷன் செய்ய முடிகிறது. சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நாலு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி வளர்கிறதா? ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? தோலுக்கடியில் ஆழமாக இருக்கிறதா? ஒருமுறை எடுத்தும் திரும்ப வந்ததா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், அடுத்த பௌர்ணமிவரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது "வலிக்கலையே" என்று சொன்னால், அவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.