‘தோத்தா வேலையை விட்டே தூக்கிடுவாங்களா?’ - பி.டி. மாஸ்டர் அப்பாவும், அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலும்!

2023 நவம்பர். டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நைட் ஷிஃப்ட்டில், அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், தன் ஃபுட்பால் அணியின் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அவருக்குத் தரவேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். நம் பணத்தில் 600 கோடி ரூபாயைத் தாண்டும்.

‘இது வைரல்’ என்று கை பரபரத்தது. பத்தே நிமிடத்தில் எழுதி, ஒரு பந்துப் படத்தையும் வைத்துப் பதிவேற்றிவிட்டேன். அடுத்த பத்தாவது நிமிடம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். “தங்கச்சி, அந்த ஊர்ல ஃபுட்பால் உருண்டையா இருக்காது. ரெண்டு பக்கமும் கூரா, கையில தூக்கிட்டு ஓடுற பந்து.” அவசரமாகப் படத்தை மாற்றினேன்.

காலையில் அப்பா போன் செய்தார். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

“பாப்பா, தோத்தா வேலையை விட்டே தூக்கிடுவாங்களா?”

“ஆமாப்பா.”

“எத்தனை மேட்ச் தோத்தாரு?”

பார்த்துச் சொன்னேன். ஆறு சீஸன்களில் 45 வெற்றி, 25 தோல்வி.

“பாஸ் மார்க்குக்கு மேலதானே இருக்கு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் புரிந்த விஷயம், அங்கே காலேஜ் ஃபுட்பால் என்பது ‘கல்லூரி விளையாட்டு’ அல்ல, ஊர்த் திருவிழா. அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரத்தின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். அங்கிருக்கும் ஸ்டேடியத்திலும் சுமார் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். மொத்த ஊருக்கும் இடம் இருக்கிறது!

அந்த இருக்கைகளில்தான் நன்கொடையின் சூட்சுமமும் இருக்கிறது. பெரிய அணிகளின் நல்ல இடங்களுக்கு டிக்கெட் பணம் மட்டும் போதாது. விளையாட்டுத் துறைக்கு ஆண்டுதோறும் நன்கொடையும் தரவேண்டும். கூடுதலாகக் கொடுப்பவருக்கு முன் வரிசை. 2017 வரை இந்த நன்கொடையில் 80 சதவிகிதத்துக்கு வருமான வரிச் சலுகைகூட இருந்தது. அந்த ஆண்டு வந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. ஆக, அணி ஜெயித்தால் இருக்கைக்குப் போட்டி. தோற்றால் காலி நாற்காலி, கூடவே காலி உண்டியல்.

ஜெயித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1984 நவம்பரில் மயாமி அணிக்கு எதிரான ஆட்டத்தில், கடைசி 6 விநாடிகள் இருக்கும்போது பாஸ்டன் கல்லூரி வீரர் டக் ஃபுளூட்டி வெகு தூரத்துக்கு ஒரு பந்தை வீசினார். அது சக வீரரின் கையில் விழ, 47-45 என்று பாஸ்டன் ஜெயித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கல்லூரிக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 30 சதவிகிதம் கூடின. இப்படி நடப்பதற்கு ‘ஃபுளூட்டி விளைவு’ என்றே பெயர் வந்துவிட்டது. ஆனால், விண்ணப்பங்கள் அதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டுதான் இருந்தன. எல்லாப் புகழையும் ஒரு பந்துக்குக் கொடுத்துவிட முடியாது.

மைக்கேல் ஆண்டர்சன் என்ற பெர்க்லி பொருளாதார அறிஞர் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். பணக்காரப் பல்கலைக்கழகம் ஜெயிப்பதில் ஆச்சர்யம் இல்லை. எனவே பந்தயக்காரர்களின் கணிப்பை எடுத்துக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காத வெற்றிகளின் பலனை மட்டும் பிரித்துக் கணக்கிட்டார். ஒரு சீஸனில் 5 வெற்றி கூடினால், முன்னாள் மாணவர்கள் விளையாட்டுத் துறைக்குத் தரும் நன்கொடை சுமார் 28 சதவிகிதம் உயர்கிறது. விண்ணப்பங்கள் 5 சதவிகிதம் கூடுகின்றன. கவனியுங்கள், அந்த நன்கொடை உயர்வு விளையாட்டுத் துறைக்கானது. நூலகத்துக்கோ ஆய்வகத்துக்கோ அல்ல.

பூன் பிக்கென்ஸ் என்ற எண்ணெய் அதிபர், தான் படித்த ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு 16.5 கோடி டாலர் கொடுத்தார். ஸ்டேடியத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2005-ல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் மைக் கண்டி. அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர். இருபது ஆண்டுகளில் 170 வெற்றிகள். 2024-ல் மூன்றே வெற்றி. 2025 செப்டம்பரில், சீஸன் தொடங்கி மூன்றாவது ஆட்டம் முடிந்ததுமே அவரை அனுப்பிவிட்டார்கள். 170-ஐ விட 3 பெரிய எண் ஆகிவிட்டது.

மறுபக்கம் நிக் சபன். 2007-ல் 8 ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர் என்று அலபாமா அவரை அழைத்துவந்தபோது, ‘இவ்வளவா!’ என்று பலர் வாயைப் பிளந்தார்கள். அவர் அங்கே 6 தேசிய சாம்பியன் பட்டங்கள் வென்று, 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அவர் வந்தபோது சுமார் 25,000 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 38,000-ஐத் தாண்டியது. வெளிமாநில மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்த உதவித்தொகைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும், நாங்கள் செய்த முதலீடுகளிலேயே சிறந்தது சபன்தான் என்கிற அர்த்தத்தில் அந்தப் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தரே பேசியிருக்கிறார்.

ஒரு சபனைத் தேடித்தான் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஓடுகின்றன. கிடைத்த ஆளை இன்னொருவர் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, சம்பளத்துக்கு உத்தரவாதம் கொடுத்து நீண்ட ஒப்பந்தம் போடுகிறார்கள். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 2021-ல் ஃபிஷரின் ஒப்பந்தத்தை அப்படித்தான் நீட்டித்தது. இரண்டே ஆண்டுகளில் அதுவே கழுத்துக்குக் கயிறானது. நீக்கப்படும் தலைமைப் பயிற்சியாளருக்காவது கோடிகள் கிடைக்கின்றன. அவரோடு மூட்டை கட்டும் உதவிப் பயிற்சியாளர்கள், நடுவில் பிள்ளைகளின் பள்ளியை மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டியதுதான்.

‘இந்த விளையாட்டே வேண்டாம்’ என்று சொன்னவர்களும் உண்டு. 1939-ல் சிகாகோ பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் அணியைக் கலைத்தது. நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கிய ஜே பெர்வாங்கர் ஆடிய அணி அது! 1942-ல் அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நடந்தது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் பணியாற்றி, 1983-ல் நோபல் பரிசு பெற்றதும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதுதான். ஃபுட்பாலை விட்டதால் அது ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது, கேட்டுவிட்டுச் சிரித்தார். “எனக்கு எவனும் ஜெயிக்கலைன்னு கேட்டதில்ல பாப்பா. கேம்ஸ் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுன்னுதான் கேட்டாங்க.”

சிரித்தாலும், அதில் அவருக்கு ஒரு வலி இருந்தது எனக்குத் தெரியும். தோற்றால் தூக்கியெறிவது ஒரு கொடுமை என்றால், ஜெயித்தாலும் தோற்றாலும் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது இன்னொன்று. அப்பாவின் அணி ஒருமுறைகூட மாவட்டப் போட்டியைத் தாண்டியதில்லை.

போன வருடம் அவருடைய பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பணம் சேர்த்து, முள்செடி மண்டிக் கிடந்த பள்ளி மைதானத்தைச் சமன்செய்து, கோல் போஸ்ட் நட்டார்கள். அப்பாவை அழைத்துப்போய் முதல் பந்தை உதைக்கச் சொன்னார்கள். நானும் போயிருந்தேன்.

“தோத்த டீம்டா நீங்கள்லாம். எதுக்குடா இவ்வளவு செலவு?” என்றார் அப்பா.

லாரி வைத்திருக்கும் ஓர் அண்ணன் சொன்னார். “தோத்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல எங்க எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தீங்களே சார். திரும்பி வரப் பஸ்ஸுக்குக் காசு இல்லாம நீங்க மட்டும் நடந்து வந்தீங்க. அது எங்களுக்கு அப்புறந்தான் தெரியும்.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் டெஸ்க்கில் தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும். யார் செய்தியை எத்தனை பேர் படித்தார்கள் என்று. என் பெயர் கடைசியில் இருக்கும் நாள்களில் இப்போதும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அப்பாவுக்கு போன் போடுவேன். அவர் பட்டியலைப் பற்றிக் கேட்கமாட்டார்.

“சாப்டியா பாப்பா?” என்பார். அப்புறம், “கோல் போஸ்ட்டுல வலை கிழிஞ்சிருக்கு. பசங்ககிட்ட சொல்லணும்” என்பார்.