குசினிச் சுவரில் ஒரு திறப்பு

“மகள், இந்தக் குசினீல நான் எங்க இரிக்கிற?”

மேசையில் விரித்திருந்த வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்துவிட்டு உம்மா கேட்ட கேள்வி இது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எங்கள் வீட்டுக் குசினியைத் திருத்தத் தீர்மானித்திருந்த நாட்கள் அவை. அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் இடமிருந்தது. எண்பத்திரண்டு வயது உம்மா உட்கார மட்டும் இடமிருக்கவில்லை.

கண்டிக்குப் பக்கத்து ஊரொன்றில் உள்ள எங்கள் வீட்டை வாப்பா 1964இல் கட்டினார். சிவப்புச் சீமெந்துத் தரை, நீண்ட ஹோல், அதன் பின்னால் இருண்ட குசினி. வாப்பா இலக்கியப் பைத்தியம். மாதத்தில் இரண்டு மூன்று இரவுகளாவது அந்த ஹோலில் கவிஞர்களும் கதைகாரர்களும் கூடுவார்கள். இஷாத் தொழுகைக்குப் பின் தொடங்கும் பேச்சு நள்ளிரவு தாண்டும். இடையில் ஒரு சீலைத் திரை. திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் கை மட்டும் தேத்தண்ணித் தட்டத்தை நீட்டும். அதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது சிறுமியாக இருந்த என் வேலை. வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகியும் அந்தச் சுவரும் திரையும் அப்படியே இருந்தன.

மெல்பேர்னில் இருக்கும் என் மகன்தான் இந்தப் பேச்சைத் தொடக்கி வைத்தவன். “உம்மா, எங்கட வீடே அந்தக் காலத்து நவீன பாணி வீடுதானே. குசினியையும் அப்படியே செய்வோம்” என்று சொல்லி, அமெரிக்காவின் ஐம்பதுகளின் வீட்டுப் படங்களை அனுப்பினான். ‘மிட்செஞ்சுரி மொடர்ன்’ என்று இன்று சொல்லப்படும் இந்தப் பெயர், 1984இல் வெளிவந்த ஒரு நூலின் தலைப்பினால் பரவியது. பாணி அதற்கும் முந்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சமையற்காரர் இல்லாத நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட வீடுகளில், சமைப்பவளும் குடும்பத்தோடு இருக்கட்டும் என்று குசினிச் சுவரை இடித்தார்கள். அலங்காரச் செதுக்கல் இல்லாத தட்டையான கதவுகள், கால்களின் மேல் நிற்கும் அலுமாரிகள், மரத்தின் இயல்பான நிறம், நிறைய வெளிச்சம். எனக்கும் பிடித்துப்போயிற்று. 1940களில் இலினோய் பல்கலைக்கழகத்தார் வகுத்த கணக்கின்படி அடுப்புக்கும் தொட்டிக்கும் குளிர்பெட்டிக்கும் இடையிலான முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் கூடி 26 அடியைத் தாண்டக்கூடாது. நான் 19 அடியில் முடித்திருந்தேன். அந்தப் பெருமையோடு வரைபடத்தை நீட்டியபோதுதான் உம்மா அப்படிக் கேட்டார்.

இந்தப் பாணிக்கெல்லாம் மூத்தம்மா என்று சொல்லத்தக்க குசினியொன்று இருக்கிறது. 1926இல் பிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதை வரைந்த காலத்தில் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்தக் குசினியில் இருந்து வேலை செய்ய ஒரு சுழல் முக்காலி இருந்தது. சமைத்தறியாத அவர் முக்காலியை மறக்கவில்லை. நாற்பது வருடமாகச் சமைக்கும் நான் மறந்துவிட்டேன்.

வெட்கமாக இருந்தது. கண்டியிலேயே பிறந்த மினெட் டி சில்வாவை அப்போது நினைத்துக்கொண்டேன். 1950களில் வட்டாப்புளுவ வீடமைப்புத் திட்டத்துக்காக அவர் வரைந்தபோது, குடிவரப்போகும் பல இனத்து மக்களிடமும் வினாக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை என்று விசாரித்துத்தான் வரைந்தார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நடந்த காரியம். நானோ ஒரே வீட்டிலிருக்கும் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தேன். உம்மாவின் உயரம் நாலடி பத்தங்குலம். நின்றால் முழங்கை 36 அங்குலத்தில் வருகிறது. அமெரிக்கப் படங்களில் வேலைத்தட்டின் உயரமும் அதே 36 அங்குலம். அதில் வெங்காயம் வெட்ட வேண்டுமானால் உம்மா தோளைத் தூக்கிக்கொண்டே நிற்கவேண்டும். வேலைத்தட்டு முழங்கைக்கு நாலைந்து அங்குலமாவது கீழே இருக்கவேண்டும். ஆகவே ஒரு பக்கத்தை 32 அங்குலமாகக் குறைத்தோம். ஜன்னலோரத்தில் 27 அங்குலத்தில் இன்னொரு தட்டு, கீழே முழங்கால் நுழைய வெற்றிடம், முதுகு சாய ஒரு கதிரை. பலகைக்கட்டையில் குந்தி எழும்ப உம்மாவால் இப்போது முடியாது. மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றும் திருவலையை அங்கே பொருத்தினோம்.

தட்டுக்கு போர்மைக்கா ஒட்டலாம் என்றார் ஓடாவி. உம்மா சூடான சட்டியை இறக்கிய கையோடு அப்படியே வைப்பவர். போர்மைக்கா அதைத் தாங்காது. பழைய தரையைப் போலவே சீமெந்தை மினுக்கித் தட்டாக்கினோம். அலுமாரிக் கதவுகள் பலாப் பலகை. ஆறங்குலக் கால்களில் அவை நிற்பதால் தும்புத்தடி கீழே போகிறது, கரப்பான் பூச்சிக்கு ஒளிய இடமில்லை. பின்புற விறகடுப்பை மட்டும் உடைக்க உம்மா விடவில்லை. 2022இல் காஸுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஊர் அல்லவா? நானும் வாதாடவில்லை.

மிஞ்சியது சுவர். முழுவதையும் இடிக்கச் சொன்னான் மகன். பொரியல் புகையும் கருவாட்டு மணமும் ஹோலுக்குள் வரும் என்றேன் நான். மார்செய் நகரில் 1952இல் முடிந்த லு கொர்புசியேயின் அடுக்குமாடிக்காக ஷார்லொத் பெரியாந் வடிவமைத்த குசினியின் படத்தைக் காட்டினேன். அங்கே குசினிக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு பரிமாறும் தட்டுத்தான்; சமைப்பவள் இந்தப் பக்கம் நின்றபடியே பேச்சில் சேர்ந்துகொள்ளலாம். உம்மாவிடம் கேட்டோம். “கதிரேல இரிந்தா ஆக்கள்ட முகம் தெரியிற அளவுக்கு வெட்டுங்க” என்றார். மேசன் நாலடி அகலத்துக்கு வெட்டினார்.

வேலை முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, எழுதுகிற நண்பர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அறுபதுகளில் இந்த ஹோலுக்கு வந்துபோன, இப்போது நம்மிடையே இல்லாத ஒரு கவிஞரைப் பற்றிப் பேச்சு வந்தது. அச்சேறாத அவரது கவிதையொன்றை ஒருவர் சொல்லத் தொடங்கி, மூன்றாம் வரியில் தடுமாறினார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது. திறப்பின் வழியாக மீதி வரிகளைக் கடைசிவரை சொன்னார். “மொத வரீலயும் ஒரு சொல் மாறிட்டு தம்பி” என்று திருத்தியும் விட்டார்.

ஹோலில் யாரும் பேசவில்லை.

“இது எப்படி உம்மா தெரியும்?” என்று பிறகு கேட்டேன்.

“சீல கண்ணத்தானே மறச்ச. காதயா மறச்ச?”

இத்தனை வருடங்களாக அவரிடம் யாரும் கேட்டதில்லை. வாப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அஸர் தொழுதபின் அந்த 27 அங்குலத் தட்டின் முன்னால் நாங்கள் இருவரும் இருக்கிறோம். உம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொல்லுவார், நான் எழுதுவேன். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கின்றன. சில கவிதைகளில் நடுவில் வரிகள் இல்லை. அந்த நேரம் தண்ணீர் கொதித்திருக்கும், அல்லது நான் அழுதிருப்பேன் என்கிறார்.

ஓடாவியை இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறேன். தட்டுக்குக் கீழே, முழங்காலில் இடிக்காமல், கொப்பி வைக்க ஒரு லாச்சி வேண்டும்.