வைக்கோல் இறைக்கத் தெரிவது

மசானபு ஃபுகோகாவைப் பற்றி நம்மிடையே பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஞானியைப் பற்றியே பேசுகிறார்கள். உழாமல், உரமிடாமல், களை கொத்தாமல், மருந்தடிக்காமல் விளைவித்தவர். இந்த நான்கு 'இல்லை'களில் ஒரு கீழைத் தத்துவத்தைக் கண்டதும் திருப்தி வந்துவிடுகிறது. எனக்கோ அவரைவிட, அவரிடம் போய்த் தங்கிய மாணவர்கள் மீதுதான் அக்கறை. வங்கியில் பயிர்க்கடன் மனுக்களைப் பார்க்கும் மேஜை என்னுடையது. ஏக்கருக்கு விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று காகிதத்தில் மட்டுமே விவசாயம் அறிந்தவன். மண்ணை ஒருவன் எப்படிக் கற்றுக்கொள்கிறான் என்பது எனக்கு நிஜமான கேள்வி.

அந்த மாணவர்களில் ஒருவர் லாரி கார்ன். அமெரிக்கர், பெர்க்லியில் சீன வரலாறும் மண்ணியலும் படித்தவர். 1970-களில் ஜப்பானின் ஷிகோகு தீவில், ஃபுகோகாவின் நிலத்தில் இரண்டு வருஷங்களுக்கு மேல் வேலை செய்தார். மலைச்சரிவில் ஆரஞ்சுத் தோட்டம், அதற்குள் மண்குடிசைகள். மின்சாரம் கிடையாது. ஊற்றுத் தண்ணீரைச் சுமந்துவர வேண்டும். விறகடுப்பில் சமைக்க வேண்டும். செலவுக்கு ஆளுக்கு மாதம் 10,000 யென், அன்றைய மதிப்பில் சுமார் 35 டாலர். 'எதுவும் செய்யாத விவசாயம்' என்று பெயர் வாங்கிய இடத்தில் காலையிலிருந்து இருட்டும்வரை வேலை இருந்தது.

என்ன கற்றார்கள்? உதாரணமாக, வைக்கோல் இறைப்பது. நெல் நிற்கும்போதே அதற்குள் பார்லியை விதைத்துவிட்டு, அறுவடையானதும் வைக்கோலை நறுக்காமல் முழுசாக வயலிலேயே இறைத்துவிட வேண்டும், தானாக விழுந்ததுபோலத் தாறுமாறாக. ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இதை நம்பாமல் இயந்திரத்தில் நறுக்கிப் போட்டுப் பரிசோதித்தார்கள் என்று ஃபுகோகா எழுதுகிறார். நறுக்கியோ வரிசையாக அடுக்கியோ போட்டால் முளைக்கு மேலே வர வழியில்லை. ஒழுங்கில்லாமல் போடுவதற்கும் கை பழக வேண்டியிருக்கிறது.

காய்கறி விஷயம் இன்னும் நுட்பமானது. பழமரங்களுக்கிடையே, களைகளுக்குள்ளேயே முள்ளங்கியும் கடுகும் விதைத்தார்கள். எப்போது? ஒரு பருவத்துக் களை மடிந்து, அடுத்த பருவத்துக் களை தலையெடுக்காத அந்தச் சிறு இடைவெளியில். அதைப் பிடிக்க வேண்டுமானால், அதுவரை வெறும் பச்சையாகத் தெரிந்தது தனித்தனிச் செடிகளாகத் தெரியத் தொடங்க வேண்டும். மாணவனின் வளர்ச்சி என்பது இந்தப் பார்வை மாற்றம்தான் என்று எனக்குப் படுகிறது. அபிப்பிராயங்கள் அப்புறம்.

இளவயதில் ஃபுகோகா, தம் தந்தையின் பழத்தோட்டத்தைக் கவாத்துச் செய்யாமல் அப்படியே விட்டுப் பார்த்தார். கிளைகள் பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. வெட்டி வளர்த்த மரத்தைத் திடீரென்று விட்டுவிடுவது இயற்கை விவசாயம் அல்ல, கைவிடுவது என்பது அவர் கண்ட முடிவு. நமது கவிதைச் சூழலில் இதை யோசிக்கலாம். நூற்றாண்டுகளாக யாப்பில் கவாத்துச் செய்யப்பட்ட மொழி இது. யாப்பை விட்டதாலேயே கவிதை இயல்பாகிவிடாது. 'தானாக வந்தது, திருத்தமாட்டேன்' என்று அனுப்பப்படும் கவிதைகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்ட மரங்கள்.

என் அக்கா மகன் தாவரவியல் படிக்கிறான். போன கோடையில் ஒரு இயற்கைத் தோட்டத்துக்கு இரண்டு மாதப் பயிற்சிக்குப் போனான். கல்லூரியில் அதற்கு 'இன்டர்ன்ஷிப்' என்று பெயர். அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. போகும்போது மூடாக்கு, மண்புழு, பல்லுயிர் என்று நிறையப் பேசினான். திரும்பியபின் பேச்சு குறைந்துவிட்டது. கொல்லையில் முருங்கைக்கடியில் கிடந்த சருகைக் கூட்டப்போன அக்காவை, "அது கெடக்கட்டும்மா" என்று தடுத்தான். ஏன் என்று கேட்டேன். "மாமா, கைய வச்சுப் பாருங்க" என்று சருகை விலக்கினான். சுற்றிலும் தரை கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் மண் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. இதனால் வேலை கிடைக்குமா என்று அக்கா இன்னும் என்னிடம்தான் கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் அவனுக்குக் கிடைத்தது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கார்னிடம் திரும்புகிறேன். 1975-இல் ஜப்பானியில் வந்த ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி', 1978-இல் ஆங்கிலத்தில் வந்தது. கிறிஸ் பியர்ஸ், சுனே குரோசாவா ஆகியோருடன் சேர்ந்து கார்ன் மொழிபெயர்ப்பில் உழைத்தார், அவரே பதிப்பாசிரியர். முன்னுரை எழுதியவர் கவிஞர் வெண்டெல் பெர்ரி. பிற்பாடு அது தமிழுக்கும் வந்தது. ஆசிரியரைப் பற்றிக் கார்ன் தனியாக ஒரு நூல் எழுதியது 2015-இல்தான். வளர்ச்சி என்றால் உடனே சொந்தக் குரல் என்கிறோம் நாம். இவருடைய வளர்ச்சியோ முதலில் இன்னொருவர் குரலைச் சிதைக்காமல் கொண்டுசேர்ப்பதில் வெளிப்பட்டது. விமர்சகனுக்கும் இப்படியொரு குடிசைவாசம் வேண்டும். ஒரு கவிஞனிடம் இரண்டு வருஷம் தண்ணீர் சுமந்தபிறகு அவனைப் பற்றி எழுதலாம்.