தம்பானூர் வெள்ளமும் சக்கரக் குடமும்

நாஞ்சில் நாட்டு அன்பர்களுக்குத் தம்பானூர் புதிய இடமன்று. 1931-இல் இங்கே புகைவண்டி நிலையம் வந்தது. 1938-இல் திருவிதாங்கூர் அரசாங்கம் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது, நாகர்கோவில் தடம் அதன் முதல் தடங்களுள் ஒன்றாயிருந்தது. இன்றும் விடுமுறைக்குத் திருவனந்தபுரத்தில் வந்திறங்கும் நம்மவர் பலர் இவ்வழியேதான் ஊர் திரும்புகின்றனர்.

ஆனால் தம்பானூர் ஒரு பள்ளம். ஒரு பெருமழை பெய்தால் போதும், வீதி குளமாகிவிடும். தண்டவாளங்களின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு குப்பையால் அடைபடுவதே பெருங்காரணம். 2015-இல் வடிகால்களைச் சீர்செய்யப் பெருமுயற்சி எடுத்தார்கள். 2024 ஜூலையில் அத்தோட்டில் துப்புரவுக்கு இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். குப்பையை வீசுவோர் இதை எண்ணிப் பார்ப்பதுண்டோ?

சென்ற மழைக்காலத்தில் நாம் குடும்பத்துடன் வாடகை வண்டியில் இவ்வெள்ளத்தைக் கடந்தோம். நெய்யாற்றின்கரை தாண்டியதும் ஓட்டுநர் இறங்கி, நான்கு சக்கரக் குடங்களையும் கையால் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் கூடுதலா சுட்டா, பேரிங்கோ பிரேக்கோ சரியில்லைன்னு அர்த்தம், அண்ணாச்சி" என்றார்.

கடல் கடந்த ஊர்களில் மீன்பிடிக்கப் படகு வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கு இச்சொல் பெரிதும் பயன்படும். படகைச் சுமக்கும் டிரெய்லர் நெடுந்தூரம் ஓடிக் குடம் சூடேறியிருக்கும். அப்படியே நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, எண்ணெய்த் தடுப்பின் வழியே நீரை உறிஞ்சிவிடும். கிரீஸ் பாலாக வெளுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், பிறகொரு நாள் நெடுஞ்சாலையில், பின்னால் பிற வண்டிகள் வர, சக்கரமே கழன்றுவிடவும் கூடும். உப்புநீராயின் கேடு விரைவில் வரும்.

ஆகவே நீரில் இறக்குமுன் குடம் ஆறட்டும். சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிச் சுழற்றினால் கரகர ஒலி கேட்கலாகாது. மேலும் கீழும் பற்றி அசைத்தால் மிகுந்த ஆட்டம் இருக்கலாகாது. ஆண்டுக்கொரு முறையேனும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்திப் பார்க்க வேண்டும். உருளையிலோ அது ஓடும் வளையத்திலோ குழி விழுந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். மாட்டுவண்டிக்கு மை இட்டதுபோல் மேலே தடவினால் போதாது. உருளைகளின் இடுக்கில் புதுக் கிரீஸ் மறுபுறம் பிதுங்கும்வரை அழுத்துக. எண்ணெய்த் தடுப்பும், நட்டைப் பூட்டும் பிளவு ஊசியும் ஒவ்வொரு முறையும் புதியனவாகட்டும்.

இக்காலக் கார்கள் பலவற்றில் பேரிங்கைத் திறக்க இயலாது. பழுதானால் மாற்றவே வேண்டும். டிரெய்லருக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.